கருப்பட்டியும் கணக்கும்: குமரி மண்ணின் இனிப்பு வரலாறு

உடம்பைப் பேண நினைப்பவர் முதலில் கைவைப்பது சீனியில்தான். ஆனால் பெரும்பாலோர் இனிப்பைக் குறைப்பதில்லை. சீனி டப்பாவை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் கருப்பட்டியை வைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் கருப்பட்டிக் காப்பிக் கடைகள் பெருகியிருப்பதும், கருப்பட்டி சேர்த்த கேக்கும் மிட்டாயும் ஆரோக்கிய உணவு என்ற பெயரில் விற்பதும் இந்த நம்பிக்கையை ஒட்டித்தான். இதற்குச் சாட்சியாக அவர்கள் வரலாற்றைக் கூப்பிடுகிறார்கள். நம் முன்னோர் கருப்பட்டிதான் தின்றார்கள், அவர்களுக்கு நீரிழிவு இல்லை என்கிறார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டால் அது சொல்வதை முழுக்கக் கேட்கவேண்டும். பனையேற்று ஒரு பெரிய மக்கள்கூட்டத்தின் வாழ்வாகவே இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாற்றைக் கேட்டால், அது வேறொன்றைச் சொல்கிறது. அந்நாளில் இனிப்பு அளவோடு இருந்ததற்குக் கருப்பட்டியின் குணம் முதன்மைக் காரணமில்லை. அது பருவத்துக்குக் கட்டுப்பட்டது, கடும் உழைப்பில் விளைந்தது, பலருக்கும் எட்டாத விலையுடையது, நாள்கிழமை பார்த்துச் சமைக்கப்பட்டது. இந்த எல்லைகள்தான் அளவைக் காத்தன. எல்லைகளை உதறிவிட்டுப் பொருளை மட்டும் மீட்டெடுத்தால் நாம் தேடும் நலம் கிடைக்காது.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் அன்று தமிழ்நாட்டோடு (அப்போதைய சென்னை மாநிலம்) இணைந்தன. இவற்றில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்ததே பழைய நாஞ்சில் நாடு. ஏரிகளும் கால்வாய்களும் நிறைந்த நெல்வயல் பூமி. 1906இல் நிறைவடைந்த பேச்சிப்பாறை அணை அந்த வயல்களின் பாசனத்தை உறுதிப்படுத்தியது. நெல் விளையாத மேட்டு நிலத்திலும் கடற்கரையை ஒட்டிய மணல் காட்டிலும் மேற்கேயுள்ள செம்மண் சரிவுகளிலும் பனை நின்றது. ஆக, ஒரே மாவட்டத்தில் இரண்டு பொருளாதாரங்கள் அருகருகே இருந்தன. வயலுக்கு உடையவர் வீட்டில் சோறு. பனங்காட்டில் குடியிருந்தவர் வீட்டில் அக்கானி. பதநீரை இங்குள்ளோர் அக்கானி என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே சந்தை வழியாகப் போய்வந்த பண்டங்களில் ஒன்று கருப்பட்டி.

அது உருவாகும் விதத்தைப் பார்த்தாலே அளவு பற்றிய கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். பனை பாளை விடும் பருவம் தையிலோ மாசியிலோ தொடங்கி ஆடிக்குள் ஓய்ந்துவிடும். ஆண் பனையான அலகுப்பனை, பெண் பனையான பருவப்பனை இரண்டிலும் அக்கானி இறக்கலாம். பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டவேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும் மரம் ஏறியாகவேண்டும். ஒருநாள் சீவத் தவறினால் பாளையின் வாய் அடைபட்டுச் சுரப்பு நின்றுபோகும். ஒரு பனையேறி முப்பது நாற்பது மரங்களைப் பார்த்துக்கொண்டார் என்றால், அறுபதடி எண்பதடி உயரத்துக்கு ஒரே நாளில் அதைப்போல இரு மடங்கு முறை ஏறி இறங்கினார் என்று பொருள். இறக்கிய அக்கானியை விடிலி என்ற குடிசையில் வைத்துப் பெண்கள் காய்ச்சினார்கள். நீர் வற்றிக் கூப்பனி என்ற பாகாகி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைக்கவேண்டும். ஏறக்குறைய எட்டு லிட்டர் அக்கானி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. விறகு பொறுக்குவதும் பல மணிநேரம் அடுப்பின் முன் நிற்பதும் அந்தப் பெண்களின் அன்றாடம். இவ்வளவு உழைப்பில் விளைந்த பண்டத்தை யாரும் நினைத்த நேரமெல்லாம் அள்ளித் தின்றுவிட முடியாது.

விளைவித்தவர்கள் வயிறார அதைத் தின்றார்களா என்றால், அதுவும் இல்லை. பனை பெரும்பாலும் பிறருடையது. ஒருநாள் அக்கானி மரத்துக்கு உடையவருக்கு, மறுநாள் அக்கானி ஏறுபவருக்கு என்ற பங்குமுறை பல ஊர்களில் நிலவியது. திருவிதாங்கூர் அரசு பனைக்கு வரி போட்டது. தலைக்கு வரி போட்டது. மரமேறப் பயன்படும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைநாருக்குத் தளைக்காணம் என்று கருவிகளுக்கும் வரி போட்டது. பனையேற்றைத் தொழிலாகக் கொண்ட, பழைய ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்படும் நாடார் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராடவேண்டியிருந்தது. 1859இல்தான் அரச அறிவிப்பு அதற்கு இடம் கொடுத்தது. வரிக்கும் பாட்டத்துக்கும் கடனுக்கும் போனது போகக் கருப்பட்டியில் வீட்டில் தங்கியது கொஞ்சம். பருவகாலத்தில் அக்கானியே குடித்தார்கள். அதில் அரிசியோ பயறோ இட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். வேறு உணவு வாங்க வழியில்லாததால் நேர்ந்த வழக்கம் இது. மழை பிடித்ததும் மரம் ஓயும், வருமானம் நிற்கும், பசி வரும். இந்த மக்கள் இனிப்பைக் குறைத்து உண்டார்கள் என்று இன்று பாராட்டுவது, அவர்கள் பட்ட வறுமையைத் தவம் என்று திரித்துச் சொல்வதாகும்.

நெல்வயல் பக்கத்து வீடுகளில் நிலைமை வேறு என்றாலும் அங்கும் இனிப்புக்கு ஒரு நேரம் இருந்தது. திருக்கார்த்திகைக்குப் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் குருத்தோலையில் பொதிந்து ஓலைக்கொழுக்கட்டை அவித்தார்கள். வறுத்த சிறுபயறைப் பொடித்துப் பாகில் உருட்டி, அரிசிமாவில் தோய்த்துப் பொரித்த முந்திரிக்கொத்து கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் உரியது. பெண் பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுந்தங்களிக்குக் கருப்பட்டி வேண்டும். பந்தியில் பாயசமும் பிரதமனும் கடைசியில் வரும், அதுவும் விசேஷ நாளில். காய்ச்சலுக்கும் சளிக்கும் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் கசாயம். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் கசிந்து உருகிவிடும் என்பதால் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி சேமித்தார்கள். எட்டி எடுக்கவேண்டிய உயரத்தில், வீட்டின் மூத்த பெண்ணின் பொறுப்பில், அடுத்த பருவம் வரை வரவேண்டிய கையிருப்பாக அது இருந்தது. இந்த ஏற்பாட்டில் உடல்நலம் பற்றிய கோட்பாடு எதையும் தேடவேண்டியதில்லை. ஆனால் இதன் விளைவு, இனிப்பு அன்றாட உணவின் பகுதியாகாமல் நின்றது. வரலாற்றில் நாம் உற்றுநோக்கவேண்டிய இடம் இதுவே.

இந்த எல்லைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். 1932இல் இந்திய அரசு அந்நியச் சீனிக்குக் காப்புவரி விதித்ததும், அதுவரை முப்பதுக்குச் சற்று மேலாக இருந்த சீனி ஆலைகள் சில ஆண்டுகளிலேயே நூற்றைத் தாண்டின. திருவிதாங்கூருக்குள்ளேயே 1937இல் திருவல்லாவில் ஒரு சீனி ஆலை எழுந்தது. அதே காலத்தில் தேயிலை வணிகம், 1903இல் விதிக்கப்பட்ட தீர்வைப் பணத்தைக் கொண்டு, டீ குடிக்கும் பழக்கத்தை ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தது. டீயும் காப்பியும் சேர்ந்து செய்த மாற்றம் பெரிது. இனிப்பு அதுவரை தின்பண்டத்தில் இருந்தது. இப்போது குடிக்கும் பானத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிற்று. விசேஷ நாளுக்கு உரியதாக இருந்தது, காலை எழுந்ததும் வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனி பங்கீட்டுக்குள் வந்தது. பிறகு ரேஷன் கடை வழியாக மலிவு விலையில் எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. பட்டினி கண்ட மக்களுக்கு அரசு செய்த நியாயமான உதவி அது. ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கணக்கைப் பாருங்கள்: ஒருவருக்கு மாதம் 500 கிராம், ஒரு அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. நாளொன்றுக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 17 கிராம். கடையில் வாங்கும் பிஸ்கட்டும் மிட்டாயும் குளிர்பானமும் இதற்கு மேல்.

மறுபக்கம் பனை குறைந்தது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் ரப்பர் பரவியது. செங்கல் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் சாய்ந்தன. பதினைந்து இருபது ஆண்டுகள் வளர்ந்தால்தான் பாளை விடும் மரத்தை மறுபடி நட யாருக்கும் பொறுமை இல்லை. பனையேறிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன் தொடங்கிய பள்ளிகளின் வழியே வந்த படிப்பு, உயிரைப் பணயம் வைக்கும் தொழிலிலிருந்து அவர்களை விடுவித்தது. அதற்காக யாரும் வருத்தப்படக்கூடாது. ஆனால் விளைவு இது: மலிவான சீனி வருடம் முழுக்கக் கிடைக்கத் தொடங்கிய அதே காலத்தில், பருவத்துக்குக் கட்டுப்பட்ட கருப்பட்டி அரிதாகி விலையேறியது. பிறகு, சென்ற சில ஆண்டுகளில், அந்த அரிய பண்டமே மருந்து என்ற புகழோடு திரும்பி வந்தது. தேவை பெருகியதும் வெள்ளைச் சீனியையே பாகில் கலந்து காய்ச்சிக் கருப்பட்டியாக விற்கும் கலப்படமும் பெருகியது. சீனியிலிருந்து தப்பிப்பதாக எண்ணி, சீனியையே பல மடங்கு விலைகொடுத்து வாங்குகிறவர்கள் இன்று ஏராளம்.

கலப்படம் இல்லாத நல்ல கருப்பட்டி என்றால் சரிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வேதியியல் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ். எஞ்சியது ஈரமும் தாது உப்புகளும் சிறிதளவு பிற பொருள்களும். 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருநாள் உணவு ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே சேர்க்கை இனிப்பு இருக்கவேண்டும் என்கிறது. ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். இந்தக் கணக்கில் தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பும் அடங்கும். நாம் உணவில் சேர்க்கும் கருப்பட்டிக்கும் விலக்கு இல்லை. அக்கானியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரைச் சத்து இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மில்லி குடித்தால் 25 கிராம் எல்லை அந்த ஒரே டம்ளரில் முடிந்துவிடும். இரண்டு கரண்டி சீனி போட்ட டீ நாளுக்கு மூன்று முறை குடித்தாலும் அதே கதைதான்.

இரும்புச்சத்தும் தாதுக்களும் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். 100 கிராம் கருப்பட்டியில் 10 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கருப்பட்டியிலிருந்து பெற 100 கிராம் தின்னவேண்டும். கூடவே 70, 80 கிராம் சர்க்கரைச் சத்து உள்ளே போகும். இரும்பு வேண்டுமென்றால் அதற்குக் கீரையும் பயறும் மீனும் இருக்கின்றன, இந்த மாவட்டத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சீனிக்கும் கருப்பட்டிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கருப்பட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. சுவையிலும் மணத்திலும் அது மேலானது, அதன் காசு உள்ளூர் உழைப்பாளியைச் சேர வாய்ப்புண்டு. ஆனால் அதை அளவில்லாமல் சேர்த்துக்கொள்ள அந்த மேன்மை அனுமதி தரவில்லை.

முன்னோருக்கு நீரிழிவு இல்லையே என்ற வாதத்துக்கு விரிவாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பல மையக் கணக்கெடுப்பில் நகரத்தில் 2.1 விழுக்காட்டினருக்கும் கிராமத்தில் 1.5 விழுக்காட்டினருக்கும்தான் நீரிழிவு இருந்தது. 2023இல் வெளியான, அதே கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 11.4 விழுக்காடு என்கிறது; எண்ணிக்கையில் பத்துக் கோடிக்கு மேல். இரண்டு ஆய்வுகளின் அளவுகோல்களும் ஒன்றில்லை என்பதால் எண்களை அப்படியே எதிரெதிரே நிறுத்தக்கூடாது. ஆனாலும் நோய் பெருகியது ஐயத்துக்கு இடமில்லாதது. பெருகிய இந்த ஐம்பது ஆண்டுகளில் மாறியது இனிப்பின் நிறம் மட்டும்தானா? நடையும் சுமையும் ஏற்றமும் குறைந்தன. உட்கார்ந்து செய்யும் வேலை பெருகியது. எண்ணெய்யும் தீட்டிய அரிசியும் மைதாவும் கூடின. ஆயுளும் கூடியது; நீரிழிவு பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் தலைகாட்டும் நோய். ஒருநாளைக்கு முப்பது பனை ஏறிய உடம்பு குடித்த அக்கானியை, நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடம்பு குடிக்கும் அக்கானியோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

பழைய உணவு முழுவதுமே நல்லது என்ற எண்ணத்தையும் இந்த மாவட்டத்தின் மருத்துவ வரலாறு ஏற்பதில்லை. நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். அங்கே அவர் ஓயாமல் சந்தித்த நோய்களில் ஒன்று குடற்புண். தென்திருவிதாங்கூர் ஏழைகளிடம் அது மிகுந்திருந்ததற்கு உணவும் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றில் பலவற்றுக்கும் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), பஞ்ச காலங்களில் இங்கே பல உயிர்களைக் காத்தது. ஆனால் அதையே மூன்று வேளையும் உண்ட வீடுகளில் புரதமும் உயிர்ச்சத்தும் குறைந்தன. அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியதும் உண்டு, விட்டுவிடவேண்டியதும் உண்டு. சுடு சோறும் மரச்சீனியும் உடம்பில் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன என்பதால், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க விரும்புபவர் இனிப்பைப் பார்ப்பதோடு தட்டில் உள்ள மாவுப்பொருளின் அளவையும் பார்க்கவேண்டும்.

இறுதியாக ஒரு மறுப்பு, மிகவும் மதிக்கத்தக்கது. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று எழுதினால், எஞ்சியிருக்கும் கொஞ்சம் பனையேறிகளின் பிழைப்பும் போகாதா? 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தத் தொழிலைக் காக்கப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் வழங்கத் திட்டமிட்டது. ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றது. இந்த முயற்சிகள் வெல்லவேண்டும். ஆனால் மருந்து என்று சொல்லி விற்பதால் தொழில் பிழைக்காது. அந்தப் பொய் பெருக்கும் தேவையை உண்மையான பனையேறியால் ஈடுகட்ட முடியாது; கலப்படக்காரரால்தான் முடியும். நல்ல கருப்பட்டிக்கு முழு விலை கொடுத்து, ஆண்டுக்குக் கொஞ்சமாக வாங்கும் வீடுகள் பெருகினால் பனையேறிக்கும் நியாயமான கூலி, உண்பவருக்கும் நலம். நுங்கும் கிழங்கும் நாரும் ஓலையும் தரும் மரத்தை இனிப்பை மட்டும் நம்பி வாழவைக்கவேண்டியதும் இல்லை.

அப்படியானால் இன்று ஒரு வீடு செய்யக்கூடியது என்ன? பழைய எல்லைகளை வறுமை போட்டது. புதிய எல்லைகளை நாமே தெரிந்து போடவேண்டும். மாதம் வீட்டுக்குள் வரும் சீனி, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாவற்றையும் கூட்டி, ஆட்களாலும் நாட்களாலும் வகுத்தால் ஆளுக்கு ஒருநாள் அளவு தெரியும். அந்த எண் 25 கிராமைத் தாண்டினால் முதலில் குறைக்கவேண்டியது டீயிலும் காப்பியிலும். அங்கே கரண்டி கரண்டியாக, ருசி கூட அறியாமல் தினமும் போவதுதான் அதிகம். அதைப் படிப்படியாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிறகு திருக்கார்த்திகைக் கொழுக்கட்டையையும் கல்யாண வீட்டுப் பிரதமனையும் குற்றவுணர்வின்றி உண்ணலாம். நீரிழிவு உள்ளவர் மட்டும் தம் மருத்துவர் சொன்ன அளவைக் கருப்பட்டியின் பேரில் மீறக்கூடாது. இனிப்பை விசேஷ நாளுக்கு ஒதுக்கி வைத்த அந்த ஒழுங்கே குமரி மண்ணின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தகுந்தது. அதை வறுமை இல்லாமல், யாருடைய முதுகையும் ஒடிக்காமல், அறிந்து கடைப்பிடிக்கும் வசதி நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது.